மச்சான் கனடாவிலிருந்து வருகிறார்: பையனுக்கு ஐஸ் ஹாக்கி கார்பன் ஸ்டிக், என்னவென்று சொல்லி விடுவது?

சோமனூர் தறிக்காரன்

வணக்கமுங்க. எனக்குத் தறி தெரியும், நூல் தெரியும், ஹாக்கி சுத்தமாகத் தெரியாது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு 14 வயது. நாலு வருடமாகக் கோயமுத்தூரில் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறான். சும்மா வட்டமடித்துக்கொண்டிருந்தவன், கடைசி இரண்டு வருடமாக இன்லைன் ஸ்கேட்டும் ஸ்டிக்குமாக ரோலர் ஹாக்கிக்கு மாறிவிட்டான். இப்போது அவனுடைய கோச் நாலைந்து பையன்களை ஜனவரியில் லடாக்கில் இருக்கிற லே வரைக்கும் கூட்டிப்போய், உறைந்த ஐஸில் இரண்டு வாரம் ஆட வைக்கப்போகிறாராம். எங்கள் வீட்டில் ஐஸ் என்றால் கரும்புப்பால் கடையில் உடைத்துப் போடுவதுதான். சரி, ஆசைப்படுகிறான், போய்விட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

என் மச்சான், அதாவது பையனின் தாய்மாமன், கால்கரியில் இருக்கிறார். மார்கழியில் ஊருக்கு வருகிறார். "காது குத்துக்கு என்னால வர முடியலை, அந்தச் சீரை இதுல கழிச்சுக்கறேன், நல்ல கார்பன் ஸ்டிக்கா வாங்கிட்டு வர்றேன்" என்றார். சந்தோஷப்பட்டு முடிவதற்குள் அடுத்த நாள் கடையில் நின்றுகொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார். லெஃப்டா ரைட்டா, ஜூனியரா இன்டர்மீடியட்டா, ஃபிளெக்ஸ் எத்தனை, கர்வ் எது, கிக் பாயிண்ட் கீழேயா நடுவிலேயா என்று ஒரே மூச்சில் கேட்கிறார். அவர் போனது ஐ.டி. வேலைக்கு. பத்து வருடத்தில் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லையாம். பையனைக் கேட்டால் சிவப்பும் கறுப்புமாக இருக்கிற, 300 டாலருக்கு மேல் விலை போட்ட ஒரு ஸ்டிக்கின் படத்தைக் காட்டுகிறான்.

பையன் உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 44 கிலோ. இதுவரை ஆடியது வகுப்பில் கிடக்கும் பழைய மர ஸ்டிக்கில், அடியில் இருக்கிற பிளேடு, அதாவது அடிக்கிற தட்டைப் பகுதி, நேரானது.

என் கணக்கு இதுதான். வளர்கிற பையன், அதனால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, இப்போதைக்கு மேலே கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாம். எழுதுவது சாப்பிடுவது எல்லாம் வலது கை, அதனால் ரைட். விலை கூடினது கெட்டியாக இருக்கும், நாலு வருடம் உழைக்கும். மூன்றும் சரிதானுங்களே?

---

கோபியக்கா

தம்பி, மூன்றில் இரண்டு தப்பு. மூன்றாவது ஒருவேளை சரியாக இருந்தாலும் காரணம் தப்பு.

நான் ஹாக்கி ஆடியவள் இல்லை. எட்மன்டனில் 11 வருடம் இருந்து, இரண்டு பையன்களை விடியற்காலை அஞ்சரை மணிக்கு ரிங்குக்கு, அதாவது ஐஸ் ஆடுகளத்துக்கு, ஓட்டிப்போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இப்போது கோபியில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் ஊர் திரும்பும்போது டிவிப் பெட்டிக்கு முட்டுக்கொடுக்க உடைந்த ஸ்டிக் இரண்டைச் சொருகி அனுப்பினோம். அவை இன்றைக்கு அவரைப்பந்தலுக்குக் கால். கறையான் அரிக்காத கால் இந்த வட்டாரத்திலேயே என் பந்தலுக்குத்தான் இருக்கிறது.

முதலில் அந்த அறுக்கிற யோசனை. இதே தப்பை நான் செய்திருக்கிறேன். பெரியவனுக்கு 9 வயது, 30 கிலோதான் இருப்பான். பள்ளிக்கூடச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுப்போமே, அந்தப் புத்தியில் 52 அங்குல ஜூனியர் ஸ்டிக் வாங்கி, 5 அங்குலம் அறுத்துக் கொடுத்தேன். விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த சீசன் முழுக்கப் பிள்ளையால் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கிற ரப்பர் வட்டை, தரையிலிருந்து தூக்கி அடிக்க முடியவில்லை. இவனுக்கு ஆட்டம் வரவில்லை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். கடைசியில் எதிரணிப் பையனின் தாத்தா ஒருவர் அந்த ஸ்டிக்கை வாங்கித் தரையில் ஊன்றி அமுக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு உலக்கையைக் கொடுத்திருக்கிறாயே அம்மா என்கிற பாவனையில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், ஐஸ் ஹாக்கியில் கை மட்டும் அடிப்பதில்லை, தண்டும் வளைந்து அடிக்கிறது. பக்குக்குக் கொஞ்சம் பின்னால் பிளேடை ஐஸில் அழுத்தினால் தண்டு வில் மாதிரி வளையும், விடும்போது அது நிமிர்கிற வேகம் பக்குக்குப் போகும். ஃபிளெக்ஸ் என்பது அந்த வளைவுக்குப் போட்ட நம்பர். தண்டை ஒரு அங்குலம் வளைக்க ஏறக்குறைய எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்பதுதான் அது. 85 என்று போட்டிருந்தால் வளர்ந்த ஆளுக்கு. பிள்ளைகளுக்கு, உடம்பு எடையைப் பவுண்டில் போட்டு அதில் பாதி என்பார்கள். உங்கள் பையன் 44 கிலோ, அதாவது 97 பவுண்டு. பாதி 48. ஆக 50 ஃபிளெக்ஸ். கொஞ்சம் குறைந்தாலும் குற்றமில்லை, கூடத்தான் கூடாது.

இப்போது அறுத்தால் என்ன ஆகும்? தேங்காய் பறிக்கிற தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமாக இருக்கும்போது தலையாட்டும், பாதியாக நறுக்கினால் விறைத்துக்கொள்ளும். தண்டில் எழுதியிருக்கிற நம்பர் அறுக்காத நீளத்துக்கு எழுதியது. என் பையன் ஸ்டிக்கில் 50 என்று இருந்தது, நான் அறுத்து முடித்தபோது அது 65ஐத் தாண்டியிருக்கும். அவனுக்கு வேண்டியிருந்தது 35க்குள்.

நீளத்துக்கு, ஸ்கேட் இல்லாமல் வெறுங்காலில் நிற்கவைத்து, பிளேடின் நுனி தரையில் படும்படி முகத்துக்கு நேரே நிறுத்துங்கள். மேல்முனை தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வந்தால் சரி. உங்கள் பையன் உயரத்துக்கு 54 அங்குல ஜூனியர் அறுக்காமலே பொருந்தும் என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் வளர்ந்தால் மேல்முனையில் ஒரு மரத்துண்டு செருகி நீளம் ஏற்றலாம், அதற்கென்றே விற்கிறது. நீளம் ஏறினால் தண்டு கொஞ்சம் இளகும், அதையும் கணக்கில் வையுங்கள். ஜூனியருக்கு அடுத்த சைஸான இன்டர்மீடியட் 55 ஃபிளெக்ஸிலிருந்து கிடைக்கும், ஆனால் அவனுக்கு அது நீளம். அறுத்தால் 60ஐத் தாண்டிவிடும். வேண்டாம்.

அப்புறம் கர்வ், அதாவது பிளேடின் வளைவு. இதில்தான் கடைக்காரப் பையன்கள் உங்கள் மச்சானை அரைமணி நேரம் நிற்க வைப்பார்கள். பி92 என்று ஒன்று எங்கு பார்த்தாலும் இருக்கும். வேறு கம்பெனியில் அதையே பி29 என்றும் டபிள்யூ03 என்றும் சொல்வார்கள். பிளேடு கொஞ்சம் மல்லாந்திருக்கும், பக் சுலபமாக மேலே எழும்பும். பி28 நுனியில் மட்டும் கொக்கி மாதிரி வளையும், இழுத்து இழுத்து விளையாடுகிறவர்களுக்கு. பி88 அடக்கமான வளைவு. உங்கள் பையன் இரண்டு வருடம் நேர்ப் பிளேடில் ஆடியவன், புறங்கைப் பக்கமாக அடித்துப் பழகியிருப்பான். பிளேடு வளைய வளைய அந்த அடிதான் முதலில் கெடும். அதனால் என் ஓட்டு பி88க்கு. அது இல்லாவிட்டால் பி92 எடுக்கட்டும், பி28 மட்டும் வேண்டாம்.

கிக் பாயிண்ட் என்பது தண்டு எந்த இடத்தில் வளைகிறது என்பது. கீழே வளைந்தால் சட்டென்று விடலாம், நடுவில் வளைந்தால் ஓங்கி அடிக்க உதவும். 44 கிலோ பையனுக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இனி விலை. நடு விலையில் வாங்குங்கள். விலை ஏற ஏறக் கிடைப்பது எடைக் குறைவு. மேல்தட்டு சீனியர் ஸ்டிக் 400 கிராமுக்கும் கீழே வந்துவிட்டது, கீழ்விலைக்காரன் 500 கிராம் பக்கம் இருப்பான். எடை குறைந்தது கூடுதலாக உழைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. சின்னவனுக்கு ஆசையாக வாங்கிக்கொடுத்த ஒன்று மூன்றாவது வாரமே எவனோ குறுக்கே ஒரு வெட்டு வெட்டியதில் இரண்டாகிவிட்டது.

இதைவிட முக்கியமாக ஒன்று. உங்கள் பையன் வருடத்தில் இரண்டு வாரம் ஐஸில் ஆடுவான், மிச்சம் 50 வாரமும் சிமென்டில். நம்ம சிமென்ட் தளம் உப்புத்தாள் மாதிரி. கார்பன் பிளேடை அதில் இழுத்தால் அடிப்பக்கம் தேய்ந்து, நார் பிரிந்து, ஒரே மாதத்தில் கந்தலாகும். மரத்தண்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பிளேடும் வைத்து, தெருவில் ஆடுவதற்கென்றே ஸ்டிக் விற்கிறது. கார்பன் விலையில் கால்பங்குகூட ஆகாது. அதில் ஒன்று கட்டாயம் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். கார்பனை லே போகிற வரைக்கும் பீரோ மேல் போட்டு வையுங்கள். பையன் கெஞ்சுவான், இறங்காதீர்கள்.

லெஃப்டா ரைட்டா என்பதற்கு வலது கையால் சாப்பிடுவது பதிலாகாது. ஸ்டிக்கின் மேல்முனையை எந்தக் கை பிடிக்கிறது, கீழே எந்தக் கை என்று பார்க்க வேண்டும். வலது கை கீழே என்றால் ரைட். கனடாவில் வலது கைக்காரப் பிள்ளைகளே பெரும்பாலும் லெஃப்ட் ஸ்டிக்தான் பிடிக்கிறார்கள். பலமான கை மேலே இருந்து திருப்ப வேண்டும் என்பது அங்கத்திய கோச்சுகளின் கணக்கு.

---

பழைய ஹாக்கிக்காரன், கோவை

ஐஸ் ஹாக்கி பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. கையைப் பற்றிப் பேசலாம் என்பதால் எழுதுகிறேன்.

நம்ம ஹாக்கியில் இடக்கை ஸ்டிக் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம்தான் தட்டை, அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். பிறவி இடக்கைக்காரனும் இடது கையை மேலே, வலது கையைக் கீழே வைத்துத்தான் ஆடியாக வேண்டும். வலது கை பேட்ஸ்மேன் மட்டையைப் பிடிப்பதும் அப்படியே. ஆக கிரிக்கெட் ஆடி வளர்ந்த வலக்கைப் பையன் எந்தக் கட்டையைக் கொடுத்தாலும் இடது கையை மேலே வைப்பான். அதை ஐஸ் ஹாக்கிக் கடையில் ரைட் என்பார்கள். கனடாக்காரன் என்ன சொன்னாலும், இரண்டு வருடம் ஒரு பிடியில் பழகிய பிள்ளையை மாற்றிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். எங்கள் காலத்தில் ஒரு பி.டி. வாத்தியார் நல்ல ஆட்டக்காரன் ஒருவனின் பிடியை மாற்றுகிறேன் என்று ஆரம்பித்து, பையன் கால்பந்துக்கே போய்விட்டான்.

தறிக்காரர் வீட்டில் ஒட்டடைக்கோல் இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு பந்தை உருட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கோலைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கை மேலே போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. மச்சானிடம் 'ஐஸ் ஹாக்கி' என்று ஐஸைச் சேர்த்தே சொல்லுங்கள். கனடாவில் ஹாக்கி என்றாலே அதுதான், ஆனால் அவர் இணையத்தில் இந்திய விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் நம்ம ஹாக்கி ஸ்டிக்தான் வந்து நிற்கும். அதிலும் கார்பன் வந்துவிட்டது. அந்த ஸ்டிக் 105 செ.மீ.க்கு மேல் போகாது, 737 கிராமுக்கு மேல் போனால் விதியே தடுக்கும், 51 மி.மீ. வளையத்துக்குள் நுழைய வேண்டும். அது வேறு ஜாதி. வளைந்து நிமிர்கிற வேலை அதற்கு இல்லை.

---

சோமனூர் தறிக்காரன்

ஐயா, ஒட்டடைக்கோல் பரீட்சை நேற்று ராத்திரி நடந்தது. இடது கை மேலே, வலது கை கீழே. சம்சாரம் பார்த்துவிட்டு, "இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் அப்பனும் மகனும் கட்டிலுக்கு அடியில கூட்டியிருக்கீங்க" என்றாள். ஆக ரைட்தான், ஆனால் கோபியக்கா சொன்ன மாதிரி காரணம் வேறு.

அக்கா, அறுக்கிற யோசனையை விட்டுவிட்டேன். தொரட்டி சொன்னதும் புரிந்துவிட்டது. ஆனால் விலை விஷயத்தில் இன்னும் ஒரு சந்தேகம். மச்சான் அனுப்பிய படங்களில் விலை கூடினதன் மேல் அழகான நெசவு தெரிகிறது, ட்வில் மாதிரி சாய்கோடு. கீழ்விலையில் வெறும் கறுப்புதான். பக்கத்தில் 3கே, 12கே, 18கே என்று எழுதியிருக்கிறது. நெசவு நெருக்கமாக இருந்தால் துணி கெட்டி என்று தறிக்காரனுக்குத் தெரியாதா? அப்படியானால் விலைக்குத் தக்க சரக்குத்தானே?

---

பல்லடம் காத்தாடி

தறிக்காரரே, நீங்கள் கேட்டதற்காகவே உள்ளே வருகிறேன். எனக்குக் காற்றாலை இறக்கை பழுது பார்க்கிற வேலை. கண்ணாடி நாரும் பிசினுமாக வாழ்க்கை போகிறது. ஸ்டிக்கில் இருப்பது கார்பன் நார், சூத்திரம் ஒன்றுதான்.

3கே என்றால் ஒரு இழையில் 3,000 நுண்ணிழைகள். 12கே என்றால் 12,000. உங்கள் பாஷையில் அது நூல் நம்பர் மாதிரி, தரச் சான்றிதழ் இல்லை. 18கே என்பது 3கேயைவிட ஆறு மடங்கு பலம் என்று நினைத்துவிடாதீர்கள். இழை தடிமன், அவ்வளவுதான்.

நீங்கள் படத்தில் பார்க்கிற ட்வில் பல ஸ்டிக்குகளில் மேலே போர்த்திய கடைசிப் பொன்னாடை. வேலை செய்கிறவர்கள் அதற்குக் கீழே இருக்கிறார்கள். ஊடையே இல்லாமல் பாவு மட்டும் ஓடுகிற துணியைக் கற்பனை செய்யுங்கள். எல்லா இழையும் தண்டின் நீளவாக்கில். வளைவைத் தாங்குவது அதுதான். நெய்த துணியில் இழை மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, நேராக ஓடுகிற இழை அளவுக்கு அது விறைப்புத் தராது. ஆனால் பாவு மட்டும் வைத்தால் தண்டை முறுக்கும்போது நார் நாராகப் பிளந்துவிடும். அதற்காக 45 பாகையில் சாய்த்து, இந்தப் பக்கம் ஒரு அடுக்கு, அந்தப் பக்கம் ஒரு அடுக்கு போடுவார்கள். வேட்டியை நேராக இழுத்தால் நீளாது, மூலைக்கு மூலை இழுத்தால் நீளுமே, அதே கணக்கைத் திருப்பிப் போட்டது.

பிசின்தான் கஞ்சி. இங்கே கஞ்சி ஏற்றிய பாவாகவே ரோலில் வரும், குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். அதை வெட்டி, அச்சுக்கோலின் மேல் அடுக்கடுக்காகச் சுற்றி, அச்சுக்குள் அமுக்கிச் சூடேற்றினால் கெட்டியாகிவிடும். பிளேடுக்குள் நுரை வைத்திருப்பார்கள். தண்டும் பிளேடும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்டிக் பரவலானது 2000ஐ ஒட்டி ஈஸ்டன் கம்பெனியின் சினர்ஜி வந்த பிறகு. அதற்கு முன்னால் மரம், அலுமினியத் தண்டில் மரப் பிளேடு செருகியது என்று ஓடிக்கொண்டிருந்தது.

கோபியக்கா சொன்ன தொரட்டிக்குக் கணக்கும் இருக்கிறது. விறைப்பு நீளத்தின் மூன்றாம் படியில் மாறும். 54 அங்குலத்தில் 50 ஃபிளெக்ஸ் என்றால், 2 அங்குலம் அறுத்தால் 56 ஆகிவிடும். அவர் பையனின் ஸ்டிக் 52லிருந்து 47க்கு வந்தபோது 68 பக்கம் போயிருக்கும். பாவம் பிள்ளை.

உழைப்பு என்று கேட்டீர்களே. மரம் உடைவதற்கு முன்னால் சத்தம் போடும், விரியும், ஒரு வாரம் டைம் கொடுக்கும். கார்பன் அப்படியில்லை. குறுக்கே ஒரு அடி விழுந்து அடுக்கு பிரிந்திருக்கும், மேலே ஒரு நகக்கீறல்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து ஓங்கி அடிக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். அதனால் மச்சான் சிக்கனம் பார்த்துப் பழைய ஸ்டிக் வாங்கினால், தண்டின் நாலு விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காசால் பிளேடு முழுக்கத் தட்டட்டும். 'டக் டக்' என்று வந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் 'பொத்' என்று வந்தால் உள்ளே பொக்கு. இறக்கைகளையும் நாங்கள் இப்படித்தான் தட்டிப் பார்க்கிறோம். லட்ச ரூபாய்க் கருவியும் இருக்கிறது, முதலில் கை போவது காசுக்குத்தான்.

வாரண்டியை நம்பி விலை கூட்டாதீர்கள். பல கம்பெனிகள் தருவது வாங்கிய நாளிலிருந்து 30 நாள்தான். மச்சான் வாங்கி, பெட்டி கட்டி, பொங்கல் வைத்து முடிப்பதற்குள் அது போய்விடும். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் போட்டு மூடி வைக்கிற வழக்கமும் வேண்டாம். பிசினுக்குச் சூடு ஆகாது.

---

சோமனூர் தறிக்காரன்

ஊடை இல்லாத பாவு! இதைப் படித்துவிட்டு ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிற அண்ணனிடம் சொன்னேன். "ஊடை இல்லாம எப்படிங்க நிக்கும், கஞ்சியிலயா?" என்று கேட்டார். கஞ்சியில்தான் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்பக் கஞ்சி போடறவன்தான் மேஸ்திரி" என்றார். நாலாவது ஆளிடமும் கேட்டுவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பியிருக்கிறேன். தப்பிருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், சனிக்கிழமை கடைக்குப் போகிறார்.

"ஐஸ் ஹாக்கி ஸ்டிக். ரைட். ஜூனியர், 54 அங்குலம், 50 ஃபிளெக்ஸ். அறுக்க வேண்டாம். பி88, இல்லாவிட்டால் பி92. நடு விலை, நெசவு தெரிய வேண்டியதில்லை. கூடவே மரத்தண்டு ஏபிஎஸ் பிளேடு ஒன்று, அதுவும் ரைட், அதே நீளம். பையன் போன் பண்ணிச் சிவப்புக் கறுப்பு கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்லவும்."

பையனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. 300 டாலர் ஸ்டிக் வருகிறது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். அந்தப் பஞ்சாயத்தைத் தாய்மாமன் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று மட்டும் கேட்கிறார். கையில் எடுத்து வரலாமா?

---

கோபியக்கா

கையில் விடமாட்டார்கள், தடி மாதிரி சாமான். செக்-இன்னில்தான் போட வேண்டும். பிளேடுகளைப் பழைய துண்டால் சுற்றி, இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாக டேப் போட்டுக் கட்டி, மேலே அட்டை சுற்றினால் போதும். 54 அங்குலம் சாதாரணப் பெட்டியில் நுழையாது. விளையாட்டுச் சாமான் என்று சொல்லி ஏற்றிக்கொள்வார்கள், ஆனால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு விதி. டிக்கெட் எடுத்த இடத்தில் முதலிலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் சரியாக இருக்கிறது. வந்த பிறகு ஒன்று மட்டும் கவனியுங்கள். லேயில் நாலு நாள் ஆடியதும் பிளேடின் அடியில் சுற்றிய டேப் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பையனை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் தேய்ந்திருந்தால் நல்லது. தண்டுக்குப் பக்கத்தில் மட்டும் தேய்ந்தால் ஸ்டிக் அவனுக்கு நீளம், அப்போது அரை அங்குலம் அறுத்துப் பார்க்கலாம். நுனியில் மட்டும் தேய்ந்தால் குட்டை, மரத்துண்டு செருக வேண்டியதுதான்.

டேப் என்றதும் ஞாபகம் வந்தது, அதை எழுத மறந்துவிட்டீர்கள். ஹாக்கிக்கென்று விற்கிற துணி டேப், கறுப்பு, நாலு உருளை வாங்கச் சொல்லுங்கள். நான் கோபியில் தேடாத கடை இல்லை. எலக்ட்ரிக் கடை இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் பக் வழுக்கும், கையில் பிசுபிசுவென்று ஒட்டும்.

---

சோமனூர் தறிக்காரன்

நாலு போதுமாங்க்கா?

---

கோபியக்கா

பெட்டியில் இடமிருந்தால் ஆறு. அவரைப்பந்தலுக்கு எனக்கும் இரண்டு வேண்டும்.